இலையை மறைத்த கை

உக்காருங்க சாமி. அந்தப் பக்கம் வேணாம், இந்தப் பக்கம் உக்காருங்க, காத்து வரும். பெட்டியெல்லாம் பொறவு பிரிச்சுக்கலாம், அது எங்க ஓடிப்போகப் போகுது. முதல்ல சாப்பாடு.

எம்பேரு அமலோற்பவம். கருக்காயேந்தலுக்கு எந்தச் சாமியார் வந்தாலும் முதல் சாப்பாடு என் கையாலதான். இது ஊருல பேசி வச்ச பேச்சு. நாளையிலருந்து வீட்டுக்கு ஒரு நாள் முறை. நாளைக்கு குழந்தைதெரேசு முறை. அந்தா, வாசத்தூணுக்குப் பின்னால நிக்கிறா பாருங்க, அவதான். உங்களுக்குத் தோத்திரம் சொல்ல வந்தேங்கிறா. பொய்யி. இலையில என்னென்ன இருக்குன்னு பாத்துட்டுப் போயி, நாளைக்கு அதுக்கு மேல ஒண்ணு வைக்கணும், அதுக்குத்தான் வந்திருக்கா. பாக்கட்டும். ஈரல் வச்சிருக்கிறது அங்கருந்து தெரியாது.

செபம் ஆச்சா? சரி. இது நாட்டுக்கோழி. இது ஆட்டுக்கறி. இது கண்மாய்க் கெண்டை, காலையில பிடிச்சது. முட்டை ரெண்டு வச்சிருக்கேன், ஒத்தையா வச்சா நல்லாருக்காது. ரசம், தயிரு எல்லாம் இருக்கு, அது அப்புறம். என்ன சாமி இப்பிடி மலைச்சுப் போயி பாக்குறீக? பயணத்துல வந்திருக்கீகன்னு கொறச்சுத்தான் வச்சிருக்கேன்.

வந்ததும் கோயிலுக்குள்ள போயி முழங்கால் போட்டுட்டு, பீடத்துக்குப் பின்னால இருக்குற படத்தையே பாத்துக்கிட்டு நின்னீக. நான் கவனிச்சேன். அப்பம் ஏன் அம்புட்டு இருக்குன்னுதான யோசிச்சீக? எல்லாச் சாமியாரும் கேக்குறதுதான். அதச் சொல்லணும்னா இந்தக் கோயில் வந்த கதையவே சொல்லணும். நீங்க சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. கேக்குறவுக கை நிக்கக் கூடாது.

முன்னாடியெல்லாம் நாங்க மாவிலங்கோட்டைக்குக் கிளைப்பங்கு. மாசத்துக்கு ஒரு தரம் அங்கருந்து சாமியார் வந்து, எங்க களத்துல ஒரு பந்தலுக்குக் கீழ பூசை வச்சுட்டுப் போவாரு. மத்த ஞாயித்துக்கிழமையெல்லாம் நாங்கதான் கண்மாய்க்கரை மேலயே நடந்து அங்க போகணும். போறது ஒண்ணும் பெருசில்ல. போனா பின்னாடிதான் நிக்கணும், அதுவும் பெருசில்ல. கோயில் அவுகளோடது, முன்னாடி நிக்கட்டும். எங்களுக்குப் பொறுக்காமப் போனது ஒண்ணே ஒண்ணுதான். அது பந்தி.

அங்க அந்தோணியார் திருவிழாவுக்கு ஊர்ப்பந்தி நடக்கும். பங்குல இருக்குற அத்தன ஊரும் அரிசி குடுக்கணும். எங்க ஊருல அந்த வருசம் மழை தப்பி வெள்ளாமை இல்ல. இருந்தும் வீடு வீடாப் போயி, விதைக்கு வச்ச நெல்லக் கூடக் குத்தி அரிசியாக்கி, ரெண்டு மூட்டை கட்டுனாக. எங்கப்பா இன்னாசி, அவரு வண்டியிலதான் போச்சு. நான் மூட்டை மேல உக்காந்து போனேன். ஏழு எட்டு வயசு இருக்கும். காலையிலருந்து வெறும் வயிறு. பந்தியில சாப்பிடப் போறோம்ல, வீட்டுல எதுக்குச் சாப்பிடணும்னு அம்மா ஒண்ணும் தரல.

முதப் பந்தி மாவிலங்கோட்டை. ரெண்டாம் பந்தி அவுக வீட்டு விருந்தாளுக. பொறவு ஊர் ஊராக் கூப்பிட்டாக. எங்கள எப்பக் கூப்பிட்டாகங்கிறீக? கடைசியா. உக்காந்தோம். இல போட்டாக. தண்ணி தெளிச்சோம். உப்பு வச்சாக. அம்புட்டுத்தான். உப்பு மட்டும் இலையில இருக்கு, சோத்தக் காணோம். நான் அந்த உப்பத் தொட்டுத் தொட்டு நக்குறேன். ரொம்ப நேரம் கழிச்சு பங்கிராசுன்னு அந்த ஊரு ஆளு ஒருத்தன், வாளிய டங்கு டங்குன்னு சொரண்டிக்கிட்டு வாரான். தீஞ்ச அடிச்சோறு. அதுவும் ஒரு பிடிக்கு மேல இருக்காது. எங்கப்பா இலைக்கு நேரா வந்து குனியிறான்.

எங்கப்பா இலை மேல கைய வச்சாரு. ‘போதும்’னாரு.

சாப்பிடவே இல்ல சாமி! சுத்தமான இலை! போதுமாம். அவரு சொன்னதும் பக்கத்துல இருந்த சந்தியாகு சித்தப்பாவும் இலையில கைய வச்சு ‘போதும்’னாரு. அப்பிடியே வரிசையா எங்க ஊரு மொத்தமும் போதும், போதும், போதும். நான் மட்டும் ‘எனக்குப் போதாது’ன்னேன். அப்பா தொடையில கிள்ளுனாரு பாருங்க, இன்னும் வலிக்குது.

இந்தா, பேச்சுல நீங்க கைய நிறுத்திட்டீக. கறி எடுத்துக்கங்க. அட, நான் வைக்கிறேன். போதுமா? சாமி, நல்லாத் தெரிஞ்சுக்கங்க, அந்தச் சொல்லு இந்த ஊருல செல்லாது. ஏன் செல்லாதுன்னுதான் சொல்ல வாரேன்.

வெறும் வயித்தோடதான் கண்மாய்க்கரை மேல திரும்புனோம். பாதி வழியில எங்கப்பா வண்டிய நிறுத்துனாரு. ‘நமக்குன்னு ஒரு கோயில் கட்டணும்’னாரு. ‘நம்ம கோயிலுக்கு வாரவன் எவனும் பசியோட எந்திரிக்கக் கூடாது. போதும்னு சொன்னா நம்பாதீக. நானும் இன்னைக்குச் சொன்னேன்ல.’ கருக்காயேந்தல் பங்கு பொறந்தது அங்கதான் சாமி. ரோமாபுரியிலருந்து வந்த கடுதாசியில பொறக்கல.

அதுலருந்து எங்க ஊருல எந்த வீட்டுக்குப் போனாலும் போதும்னு சொன்னா இன்னொரு கரண்டி விழும். எழவு வீட்டுல கூட. கைய வச்சு மறச்சா விரலு இடுக்குல ஊத்துவோம். நான் அதுல பெரிய கைகாரி. ஒரு சொட்டு வெளிய சிந்தாது.

கட்டுறோம்னு சொன்னமா, எத முதல்ல கட்டுனோம் சொல்லுங்க? அடுப்படி! கோயிலுக்கு அஸ்திவார வானம் தோண்டவே இல்ல, அதுக்குள்ள அடுப்படி எந்திரிச்சு நிக்குது. நாலு அடுப்பு, அண்டா வைக்கிற மேடை, பொகைபோக்கி எல்லாம். சாமியார் இல்லாத நாளுல எங்களுக்குச் செபம் சொல்ற உபதேசியாரு சத்தம் போட்டாரு, ‘கூறுகெட்டவனுகளா, பீடம் எங்கடா’ன்னு. எங்கப்பா சொன்னாரு, ‘பீடத்துக்கு ஆளு வரணும்ல உபதேசியாரே, வந்தவனுக்கு முதல்ல சோறு போடணும்ல.’ கோயில் பொறவு மெல்ல மெல்ல வந்துச்சு. முதல்ல கூரை. அத ஒரு ஐப்பசிக் காத்து தூக்கிக்கிட்டுப் போயி கண்மாய்க்குள்ள போட்டுச்சு. பொறவு ஓடு. பொறவு எங்க தலைமுறை எந்திரிச்சு, வெளிநாடு போன பிள்ளைக காசு அனுப்பி, இப்ப நீங்க பாக்குற கட்டடம். அடுப்படி மட்டும் அன்னைக்குக் கட்டுனது அப்பிடியே நிக்குது. ஒரு கீறல் இல்ல.

யாரு பேருல கோயில்னு வந்தப்ப ஒரு சண்ட. அந்தோணியார் வேணாம், அவரு அவுக ஆளு. உபதேசியாருதான் சந்தியாகப்பர் பேரச் சொன்னாரு. குதிரையில வாரவரு. நடந்து நடந்து காலு தேஞ்ச ஊருக்கு அவருதான் பொருத்தம்னு எல்லாரும் ஒத்துக்கிட்டாக. ஆனா பீடத்துக்குப் பின்னால படம் மட்டும், அப்பா ஒத்தக் கால்ல நின்னுட்டாரு, அஞ்சு அப்பமும் ரெண்டு மீனும்தான் வேணும்னு. காரைக்குடியிலருந்து ஒரு பெயிண்டரக் கூட்டியாந்தோம். அழகா வரைஞ்சாரு. ஆண்டவரு கைய நீட்டிக்கிட்டு இருக்காரு, முன்னாடி கூடையில அஞ்சு அப்பம். எங்கப்பா வந்து பாத்துட்டு, ‘இது யாருக்குப் பத்தும்?’னாரு.

பெயிண்டரு, ‘ஐயா, வேதத்துல அஞ்சுதான்யா இருக்கு’ன்னாரு.

‘வேதத்துல பெருகுச்சுல்ல? பெருகுனதுக்குப் பொறவு வரை’ன்னுட்டாரு அப்பா.

அந்த மனுசன் பெயிண்டு தீருற வரைக்கும் அப்பமா வரைஞ்சாரு. ஆண்டவரு முழங்கால் வரைக்கும் அப்பம். பேதுரு மூஞ்சியே மறஞ்சு போச்சு, தாடி மட்டும்தான் தெரியும். ஆயரு வந்து பாத்துட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

ஆயரு வந்த கதையச் சொல்லலையே. ஏழு வருசத்துக்கு முன்னால, தனிப்பங்கா ஆக்கலாமா வேணாமான்னு பாக்க வந்தாரு. வந்ததும் ‘கோயிலப் பாப்போமா’ன்னாரு. அப்பாவுக்கு அப்பவே நடக்க முடியாது, நாற்காலியில உக்காந்துக்கிட்டே, ‘ஆயராண்டவரே, முதல்ல சாப்பாடு’ன்னுட்டாரு. சாப்பிட்டாரு. எந்திரிக்க முடியல. கட்டில் போட்டுக் குடுத்தோம். சாயங்காலம்தான் கோயிலப் பாத்தாரு. போகும்போது, ‘உங்களுக்குச் சாமியாரத் தர்றேன், ஆனா நல்லாப் பாத்துக்கணும்’னாரு. பாருங்க, அவரே சொல்லிட்டாரு. நல்லாப் பாத்துக்கணும்னு. நாங்க எதுல கொற வச்சோம்?

முத முத வந்தது ஜெரால்டு சாமி. ஒல்லியா, சைக்கிள்ல வந்தாரு. அவருக்கு எங்கப்பாவே அகப்பையப் பிடிச்சாரு. கை நடுங்குது, ஆனா ஒரு பருக்கை கீழ விழல. அதுக்குப் பொறவு ஒரு மாசத்துல அப்பா போயிட்டாரு. போறதுக்கு முன்னாடி அகப்பைய என் கையில குடுத்தாரு. ‘வெறும் இலையோட எவனையும் எந்திரிக்க விட்றாத’ன்னு சொன்னாரு. நான் அத விட்டதில்ல சாமி. இன்னைக்கு வரைக்கும் விட்டதில்ல.

ஜெரால்டு சாமிக்கு ரெண்டே வருசத்துல சக்கரை வந்துருச்சு. எங்க ஊருத் தண்ணி சேரல. தண்ணிதான் காரணம்னு ஊரே சொல்லுது. போகும்போது கார்லதான் போனாரு. சைக்கிள இங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு, அது தாங்காதுன்னு யாரோ கேலி பேசுனாக, நான் திட்டி விட்டேன்.

அடுத்து அம்புரோசு சாமி. பக்திமான். தவக்காலம் வந்தா கறி தொட மாட்டாரு. நாங்களும் மரியாதையா கறி வைக்கல. பருப்பு நெய்யி, அப்பளம், வடை, பாயாசம், அதிரசம், பணியாரம், இம்புட்டுத்தான். பாவம், அவருக்குப் பித்தப்பையில கல்லு. ஆபரேசன் பண்ணி எடுத்தாக. எங்க அரிசியில கல்லே கெடையாது சாமி! நானே பொடச்சு, களஞ்சு, கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்து எடுக்குறவ. அந்தக் கல்லு எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னும் வெளங்கல.

மூணாவது வின்சென்டு சாமி. சின்ன வயசு. அவருதான் நல்லாச் சாப்பிட்டாரு. சும்மா சொல்லக் கூடாது, வச்ச இலை சுத்தமாத் திரும்பி வரும். ‘தனியா உக்காந்து சாப்பிட்டாத்தான் எனக்கு எறங்கும்’பாரு. சரின்னு வச்சுட்டு வந்துருவோம். ஆனா அவரு இருந்தப்ப இந்தச் சாமியார் வீட்டுப் பின்பக்கம் ஒரு நாயி கெடந்துச்சு. எப்பிடித்தான் கொழுத்துச்சோ, நடக்க மாட்டாம ஒரு நாள் செத்தே போச்சு. நாயி செத்த மறு வாரம் சாமி தியானத்துக்குப் போறேன்னு போனவரு, திரும்பி வரவே இல்ல. அவருக்கு அந்த நாயி மேல அம்புட்டுப் பாசம்.

மாவிலங்கோட்டைக்காரன் திருஷ்டிதான், வேற என்ன? அங்க ஒரு சாமியார் ஒம்பது வருசமா அசையாம உக்காந்திருக்காரு. அங்க என்ன போடுறாகங்கிறீக? ரசமும் தொவையலும்! போன தரம் பாத்தேன், நல்லாக் கல்லு மாதிரி இருக்காரு மனுசன். ரசத்தக் குடிச்சுட்டு எப்பிடித்தான் இருக்காரோ.

சிரிக்காதீக சாமி. எங்களுக்குச் சிரிப்பு வரல. ஆயரு முடிவாச் சொல்லிட்டாரு. ‘இப்ப அனுப்புறவரும் போயிட்டா வேற ஆளு கெடையாது, மறுபடியும் மாவிலங்கோட்டைக்குக் கிளைப்பங்காப் போயிருங்க’ன்னு. அந்தக் கரை மேல நடந்து, பின்னாடி நின்னு, கடைசிப் பந்தியில உக்காரணுமாம். நேத்து கோயில்ல ஊரே கூடி அழுதோம். என்னைய முன்னாடி நிறுத்தி, ‘ஒன் கையிலதான் இருக்கு அமலோற்பவம், முத சாப்பாட்டுலயே சாமிய நிறுத்திப்புடு’ன்னாக. அதான் காலையிலருந்து நாலு அடுப்பும் எரியுது. எங்கப்பா கட்டுன கோயில் சாமி. அது போச்சுன்னா நான் கல்லறையில போயி அவரு மொகத்துல எப்பிடி முழிப்பேன்?

அதுனால கைய எடுங்க. இந்த ஈரல மட்டும். என்ன சாமி? என்ன கேட்டீக?

நானா? நான் சாப்பிட்டனாவா? நான் அப்புறம் சாப்பிடுவேன். அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவளுக்கு வாசனையிலயே வயிறு ரொம்பிரும். அட, எந்திரிக்காதீக, இலை அப்பிடியே இருக்கு! எங்க போறீக? அந்த இலை எதுக்கு? ஐயையோ, சாமியாருக்குச் சமமா உக்காந்து சாப்பிடுறதா? ஊரு என்ன பேசும்? அடியே குழந்தைதெரேசு, நீ என்ன வேடிக்க பாக்குற, அங்கிட்டுத் திரும்பி நில்லு!

இம்புட்டு நாளுல ஒரு சாமியாரும் என்னைய உக்காரச் சொன்னதில்ல. நெசமாத்தான் சொல்றேன். நானும் எதிர்பாத்ததில்ல. சரி, உக்காந்துட்டேன். அகப்பைய ஏன் சாமி நீங்க எடுக்குறீக? நீங்களா போடுறீக? சரி, ஒரு கரண்டி.

ம். கோழி நல்லாத்தான் இருக்கு. உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு, நீங்க சொல்லவே இல்லையே. ம், போடுங்க. பசிதான், காலையிலருந்து ஒண்ணும் திங்கல. கெண்டையா? வைங்க. சரி சாமி. போதும்.

போதும் சாமி.

அட, போதும்னேன்ல? மரியாதைக்குச் சொல்லல சாமி, நெசமாத்தான். முட்டை வேணாம். ரெண்டுமா? ஐயோ, ஒத்தையா வைக்கக் கூடாதுன்னு நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்றீகளே. கறி வேணாம் சாமி, எடமில்ல, நம்புங்களேன்! வயிறு முட்டுது! இந்தா பாருங்க கைய வச்சு மறச்சுட்டேன். சாமி! விரலு இடுக்குல ஊத்துறீக!

இருங்க. கொஞ்சம் இருங்க சாமி.

இந்தக் கைய இப்பிடியே வச்சுக்கிறேன். எடுக்கல.

எங்கப்பாவும் இப்பிடித்தான் வச்சாரு. இதே மாதிரி, விரல விரிச்சு. அவரு கைக்குக் கீழ சோறு இல்ல. என் கைக்குக் கீழ சோறு இருக்கு. மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் சாமி தெரியுது.

ஜெரால்டு சாமியும் வச்சாரு. குழம்பு சுட்டுருச்சுன்னு கைய உதறுனாரு ஒரு தரம். நான் சிரிச்சேன். அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு, காரத்துக்குன்னு நெனச்சேன். அப்ப தண்ணி காரணம் இல்லையா சாமி? திருஷ்டியும் இல்லையா? அந்தப் பித்தப்பைக் கல்லு?

ஐயோ. அந்த நாயி!

சிரிக்கிறீக. சிரிங்க. எனக்கு அழுகையும் வருது, சிரிப்பும் வருது, வயிறும் வலிக்குது. எங்கப்பா அன்னைக்குச் சொன்னது பொய்யி சாமி. அந்த ஒரு பொய்ய வச்சுக்கிட்டு, பொறவு வந்த அத்தன பேரு சொன்ன நெசத்தையும் நான் நம்பாம விட்டுட்டேன். ஆனா அவரு மேல தப்பு சொல்ல மாட்டேன். வெறும் இலைக்கு முன்னாடி உக்காந்து பாத்தவுகளுக்குத்தான் அது தெரியும்.

குழந்தைதெரேசு! இங்க வாடி. வா, நாங்க ஒண்ணும் செய்யல. நாளைக்கு என்ன வைக்கப் போற? ஆட்டுத்தலையா? வேணாம். ஒரு குழம்பு, ஒரு காயி. ரசம் வையி. ஆமா, ரசம்தான். எனக்குப் பைத்தியம் ஒண்ணும் பிடிக்கல. நீயும் சாமி கூட உக்காந்து சாப்பிடு, அவரு எம்புட்டுத் திங்கிறாருன்னு உனக்கே தெரியும். போதும்னு சொன்னாருன்னா நம்பு. நம்பணும்டி. நான் சொல்றேன்ல, இன்னாசி மக சொல்றேன். போ, போயி தெருவுல சொல்லு, அடுத்தடுத்த முறைக்காரிக எல்லாருக்கும் சொல்லு.

போயிட்டா. நம்பிருக்க மாட்டா. பரவால்ல, நாளைக்கு நான் பக்கத்துலயே நின்னுக்கிறேன்.

சாமி, நீங்க இருப்பீகள்ல? வாயத் தொறந்து சொல்லுங்க. இருப்பீகளா? சரி. நம்பிட்டேன். நீங்க சொன்னா இனிமே நம்புறதுதான்.

மோரு மட்டும் ஒரு டம்ளரு?

இல்ல, இல்ல. பழக்க தோசம், வாய் தவறி வந்துருச்சு. இந்தா, பானைய மூடிட்டேன்.